பூட்டும் சாவியும்: திரைப்பட வசனங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, 'எது தலைசிறந்த வசனம், பத்து சொல்லுங்கள்' என்ற ரகம். பட்டியல் போடுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எழுத, பேச, பதிவு செய்ய, சரிபார்க்க உதவும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பக்கம் பக்கமாக உருக்கமான வசனம் பேசும் படங்கள் எத்தனையோ. தியேட்டரை விட்டு வெளியே வந்தால் ஒரு வரி நினைவில் இல்லை. 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' என்ற மூன்றே சொல் மட்டும் 1987-லிருந்து எப்படி நிற்கிறது?

அந்த மூன்று சொல்லைத் தனியாக வெட்டி எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லை. ரயிலில் எதிர் இருக்கைக் குழந்தை நம்மைப் பார்த்து இப்படிக் கேட்டால் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். 'நாயகன்' படத்தில் இதைக் கேட்பது பேரன். அதுவும் வழக்கிலிருந்து விடுதலையாகி வெளியே வருகிற தாத்தாவிடம். சட்டம் ஒரு பதிலைச் சொல்லி முடித்த பிறகு, சட்டம் தெரியாத பிள்ளை அதே கேள்வியை மறுபடி கேட்கிறது. இரண்டரை மணி நேரமாக நம் மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். நமக்குக் கேட்க வாய்க்கவில்லை, பிள்ளை கேட்டுவிட்டது.

பதிலையும் கவனியுங்கள்: 'தெரியலையேப்பா.' பாலகுமாரன் வசனம் எழுதிய படம் அது. 'தெரியவில்லை' என்றிருந்தால் காவல் நிலைய வாக்குமூலம் மாதிரி இருக்கும். 'தெரியலை' என்றாலும் வெறும் தகவல்தான். அந்த 'ஏ' வந்து ஒட்டும்போது, தன்னையே தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கிற தொனி வந்துவிடுகிறது. 'ப்பா' வந்ததும் ஊரே நடுங்குகிற மனிதர் ஒரு குழந்தைக்குச் சமமாகக் கீழே இறங்கிவிடுகிறார். தமிழில் உணர்ச்சி பெயர்ச்சொல்லிலோ வினைச்சொல்லிலோ இருப்பதைவிட இந்த வால்களில்தான் அதிகம் இருக்கிறது: ஏ, ஓ, தான், கூட, டா, ம்மா, ப்பா. வசனம் எழுதுகிறவர்கள் உவமை தேடும் நேரத்தில் பாதியை இந்த வால்களுக்கு ஒதுக்கலாம்.

இன்னொரு பழைய உதாரணம், 1954-இல் வந்த 'மனோகரா'. சங்கிலியில் கட்டுண்ட மகனைப் பார்த்துத் தாய் கண்ணாம்பா சொல்வது: 'பொறுத்தது போதும், பொங்கி எழு.' மு. கருணாநிதியின் எழுத்து. 'பொ', 'போ', 'பொ' என்று மோனை விழுகிறது, அதனால் நிற்கிறது என்பார்கள். மோனை மட்டும் காரணமென்றால் அந்தப் படத்திலேயே நிற்க வேண்டிய வரிகள் நூறு இருக்கின்றன. பொறு, பொறு என்று அதுவரை மகனைக் கட்டிப்போட்டிருந்தவள் அந்தத் தாயேதான். பூட்டைப் போட்டவளே சாவியைக் கொடுக்கிறாள். அதே வரியை அமைச்சரோ நண்பனோ சொல்லியிருந்தால் மேடை முழக்கமாகப் போயிருக்கும்.

எழுதிய வசனத்தைச் சோதிக்க எளிய வழி: அதே கதையில் உள்ள வேறொரு பாத்திரத்தின் வாயில் அதை மாற்றி வையுங்கள். ஒரு எழுத்துகூட மாற்றாமல் பொருந்திவிட்டால் வசனம் இன்னும் தயாராகவில்லை. அடுத்து, முதல் பாதிக்குத் திரும்பிப் போய், இந்த வரியைச் சொல்லியிருக்கக்கூடிய, ஆனால் சொல்லாமல் விட்ட இரண்டு இடங்களாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றை உருவாக்குங்கள். பெரும்பாலானவர்கள் சாவியைத் தங்கத்தில் செய்துவிடுகிறார்கள், பூட்டைப் போட மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எட்டு நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். மகள் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தைய இரவு அப்பாவும் மகளும் பேசும் காட்சி. எழுதிப் பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

நீங்கள் அனுப்பியிருக்கும் பக்கத்தில் அப்பா இப்படிப் பேசுகிறார்: 'நீ போறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. உன்னைப் பிரிஞ்சு எப்படி இருக்கப்போறேன்னே தெரியலை.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு வேலையும் இல்லை. காட்சி தொடங்கியவுடனே அவருக்குத் தெரிந்துவிட்ட விஷயத்தை அப்பா வாயால் மறுபடி சொல்கிறார்.

முதலில் அப்பாவின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பெட்டியின் பூட்டைச் சரிசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவர் சொல்ல விரும்பும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, அதைச் சொல்லத் தடை போடுங்கள். இப்போது பூட்டைப் பற்றி மட்டுமே அவர் பேசலாம்.

'இந்தப் பூட்டு சரியில்லை. ரிப்பேர் பண்ண ரெண்டு நாள் ஆகும்.'

'காலையில ஃப்ளைட்டுப்பா.'

'தெரியும்.'

மொத்தம் பதினொரு சொல். இதில் 'தெரியும்' என்பதுதான் வசனம். மற்றவை அதற்கான படிக்கட்டு. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் அப்பா பாத்திரம் பூட்டைத் தொடுகிறவரா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முறை இதுதான்.

இதில் வழக்கமாகச் சறுக்குகிற இடங்களையும் சொல்லிவிடுகிறோம். 'தெரியும்' என்று சொன்னதும் நடிகர் தொண்டை கரகரக்கக் கண்ணீர் விட்டால், வசனம் மறைத்ததை நடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அவர் பூட்டைப் பார்த்தபடியே சொல்லட்டும். அடுத்து எடிட்டிங்: வரி முடிந்த உடனே மகள் முகத்துக்கு வெட்டாதீர்கள். இரண்டு விநாடி, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 48 ஃபிரேம், அப்பா மீதே இருங்கள். மகள் முகம் பிறகு வந்தால், அவள் புரிந்துகொண்ட அதே கணத்தில் பார்ப்பவரும் புரிந்துகொள்வார். கடைசியாக, இதற்குப் பிறகு ஒரு வசனமும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் மகள் 'அப்பா...' என்று இழுக்கிறாள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். படிப்பது போதாது. பாத்திரத்தின் கையில் உள்ள வேலையை நீங்களும் செய்துகொண்டே பேசிப் பாருங்கள். கை வேலையில் இருக்கும்போது வாயில் நீளமான வாக்கியம் வராது. எங்கே உடைகிறதோ அங்கே வெட்டுங்கள்.

கேள்வி: அழ வைக்கும் வசனத்துக்குப் பின்னணி இசை தேவையா?

தேவைப்படலாம், ஆனால் வசனத்துக்கு முன்னால் வேண்டாம். வயலின் முந்திக்கொண்டு வந்தால், 'இப்போது அழுங்கள்' என்று அறிவிப்புப் பலகை வைத்த மாதிரி. வரி முடிந்து இரண்டு மூன்று விநாடி அமைதி, அதன் பிறகு இசை என்று ரீரெக்கார்டிங்கில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பள்ளி விழாவில் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தைப் பேச மாணவனைத் தயார் செய்கிறேன். மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் பாதியில் மூச்சு வாங்குகிறது, கேட்பவர்களுக்கும் அலுப்பு தட்டுகிறது.

1952-இல் வந்த அந்தப் படம் சிவாஜி கணேசனுக்கு முதல் படம் என்பதை மாணவனிடம் சொல்லிவையுங்கள். கொஞ்சம் தைரியம் வரும். நாடக மேடையில் பழகிய மூச்சு அது. மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்பது அந்த வசனத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'கோவிலிலே குழப்பம் விளைவித்தேன், கோவில் கூடாது என்பதற்காக அல்ல, கோவில் கொடியவர்களின் கூடாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக.' மூன்று துண்டு இருக்கிறது. செய்ததை ஒப்புக்கொள்கிறான். உலகம் நினைக்கும் காரணத்தை மறுக்கிறான். உண்மைக் காரணத்தைச் சொல்கிறான். ஒப்புதல், மறுப்பு, காரணம் என்ற இந்த வாய்ப்பாடு அடுத்து பூசாரியைத் தாக்கியதைச் சொல்லும்போதும் திரும்ப வருகிறது.

மூன்றையும் ஒரே சத்தத்தில் பேசினால் அலுக்கத்தான் செய்யும். ஒப்புதலைத் தாழ்ந்த குரலில், வெட்கமில்லாமல் சொல்லட்டும். மறுப்பில் வேகம் கூடட்டும், 'அல்ல' என்ற இடத்தில் நறுக்கென்று நிற்கட்டும். அங்கேதான் மூச்சு. காரணத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டு போய் 'கூடாரமாக' என்ற சொல்லில் உச்சம் வைத்துவிட்டு, 'இருக்கக் கூடாது என்பதற்காக' என்பதை இறக்கத்தில் விடட்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கத்துவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வினையோ உருபோ வந்து உட்காரும்; எடை அதற்கு முன்னாலேயே இருக்கும்.

பயிற்சியை இப்படி அமையுங்கள். தாளில் ஒவ்வொரு துண்டையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கோடு, நீளமான நிறுத்தத்தில் இரண்டு கோடு. முதல் மூன்று நாள் சத்தமே இல்லாமல், பேசும் குரலில், நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் என்ற வேகத்தில் மட்டும். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு நகல் எடுக்க வேண்டாம். நகல் எடுக்கும் பையன்களுக்கு நடுக்கம் வருகிறது, காரணம் வருவதில்லை. நான்காம் நாளிலிருந்து குரலைத் திறக்கலாம். தொடக்க வாக்கியத்தைத் தன் முழுக் குரலில் பாதிக்கு மேல் போகாமல் பேசட்டும். ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போனவனுக்கு முடிவில் ஏற இடம் இருக்காது. மூச்சு வாங்குவதற்கும் அதுதான் காரணம்.

'கொடியவர்களின்', 'குழப்பம்', 'விளைவித்தேன்' என்ற சொற்களில் ழகர, ளகர வேறுபாடு கேட்க வேண்டும். அது தடுமாறினால் உணர்ச்சி எல்லாம் வீண்.

முழு வசனத்தையும் பேச வைக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்குச் சுருக்குங்கள். எதை வெட்டினாலும் தங்கை கல்யாணியைப் பற்றிய பகுதியை வெட்ட வேண்டாம். 'ஓடினாள், ஓடினாள், வாழ்க்கையின் ஓரத்திற்கே ஓடினாள்' என்பது அதில்தான் வருகிறது. முதல் 'ஓடினாள்' செய்தி, இரண்டாவது பதைப்பு, மூன்றாவது வரும்போது அவளுக்கு ஓட இடமில்லை. மூன்றையும் ஒரே மாதிரிச் சொல்கிற மாணவனை நிறுத்தி, 'அவள் இப்போது எங்கே இருக்கிறாள்?' என்று கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரே வசனம் மூன்று விதமாக வருகிறது. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தைப் பார்த்துத்தான். மீம், ரீல்ஸ், மேடைப் பலகுரல் நிகழ்ச்சி எதுவும் சான்று ஆகாது. பலகுரல் கலைஞர்கள் கைதட்டலுக்காக ஒரு சொல்லைக் கூட்டுவார்கள், அதுவே பத்து வருடத்தில் மூலமாகிவிடும். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. 1942-இல் வந்த 'காஸாபிளாங்கா' படத்தில் பியானோக்காரர் சாமிடம் 'மறுபடி வாசி, சாம்' என்று சொல்வதாக உலகமே மேற்கோள் காட்டுகிறது. படத்தில் 'வாசி, சாம்' என்றுதான் இருக்கிறது, 'மறுபடி' இல்லை. 1980-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வில்லன், 'லூக், நான்தான் உன் அப்பா' என்று பெயர் சொல்லிப் பேசுவதாகப் பலருக்கு நினைவு. அவர் சொல்வது 'இல்லை, நான்தான் உன் அப்பா.' அந்த 'இல்லை' முந்தைய வசனத்துக்கான பதில். தனியாக மேற்கோள் காட்டும்போது முந்தைய வசனம் போய்விடுவதால், யாரிடம் பேசுகிறார் என்று காட்ட மக்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பிழையாக நினைவு வைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: காட்சியில் இருந்தது வசனத்துக்குள் ஏறிவிடும்.

சரிபார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தொலைக்காட்சிக்காக வெட்டிய பதிப்பில் சொல் மௌனமாக்கப்பட்டிருக்கலாம். முழுப் பதிப்பைப் பாருங்கள். சப்டைட்டிலைப் பார்த்து எழுதாதீர்கள், அது சுருக்கம். காதில் விழுவதை மூன்று முறை கேட்டு, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். 'போங்கடா' என்பதைப் 'போங்கள்' என்று திருத்தினால் அது வேறு வசனம். வசனம் வரும் நேரத்தை மணி, நிமிடம், விநாடியாகப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த தடவை யாராவது சண்டைக்கு வந்தால் நேரத்தைச் சொன்னால் போதும்.

எழுதியவர் பெயருக்கு டைட்டில் கார்டைப் பாருங்கள். 'கதை', 'திரைக்கதை', 'வசனம்' என்று மூன்றும் தனித்தனியாக வரும். 1959-இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்றதும் சிவாஜியைச் சொல்வோம், இயக்கிய பி. ஆர். பந்துலுவைச் சொல்வோம். 'வானம் பொழிகிறது, பூமி விளைகிறது' என்று எழுதிய சக்தி டி. கே. கிருஷ்ணசாமியைச் சொல்ல மறந்துவிடுவோம். வசனத்தைப் பகிரும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்துப் பகிர்வது பெரிய சிரமம் இல்லை.

கேள்வி: படப்பிடிப்பில் நடிகை உண்மையாகவே அழுதார். டப்பிங்கில் அந்த அழுகை வரவே இல்லை. உதட்டசைவும் போகப் போக விலகுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

இரண்டாவதை முதலில் தீர்ப்போம், அது வெறும் கணக்கு. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், ஃபிரேம் வேகம் எங்கோ மாறியிருக்கிறது. கேமரா விநாடிக்கு 23.976 ஃபிரேமில் எடுத்து, டப்பிங்குக்குக் கொடுத்த காப்பி 24-இல் போயிருந்தால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பத்து நிமிடத்தில் அது 0.6 விநாடி, ஏறத்தாழ 14 ஃபிரேம். 24-க்கும் 25-க்கும் குழப்பம் என்றால் ஒரு நிமிடத்திலேயே இரண்டு விநாடிக்கு மேல் ஓடிவிடும். டப்பிங் போகும் முன் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்: கேமரா, எடிட்டிங் டைம்லைன், ஸ்டூடியோவுக்குக் கொடுத்த காப்பி. ஒலி மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும்.

விலகல் ஆரம்பம் முதல் ஒரே அளவில் இருந்தால் அது நகர்த்தினால் தீரும். எவ்வளவு பொறுக்கும்? ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லி விநாடி. ஒலி இரண்டு ஃபிரேம் பிந்தினால் பலருக்குத் தெரியாது. முந்தினால் உடனே உறுத்தும். இயற்கையில் ஒலி வெளிச்சத்துக்குப் பின்னால்தான் வரும் என்பதால் நம் காதுக்கு அந்தப் பழக்கம். ப, ம ஆகிய எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவற்றில் உதடு முழுக்க மூடும். 'அம்மா' என்ற சொல்லில் 'ம்' சரியாக உட்கார்ந்துவிட்டால் முன்னும் பின்னும் கொஞ்சம் பிசகினாலும் கண் மன்னித்துவிடும். தணிக்கைக்காகச் சொல்லை மாற்றும்போதும் இதே விதிதான்: மூடும் உதடு இருந்த இடத்தில் மூடும் உதடு உள்ள சொல்லையே போடுங்கள்; அசை எண்ணிக்கையும் ஒத்துப்போகட்டும். வம்பு வரும் என்று தோன்றுகிற வரிகளுக்கு டப்பிங் அன்றே ஒரு மாற்று டேக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குரலை மறுபடி கூப்பிட்டு, அதே மைக், அதே தூரம், அதே தொண்டை கிடைப்பது சுலபம் இல்லை.

இனி அழுகை. பெரும்பாலும் மூச்சுதான் காணாமல் போயிருக்கும். படப்பிடிப்பில் அவர் அழுதபோது வசனத்துக்கு முன்னால் ஒரு விம்மல், நடுவில் ஒரு மூக்குறிஞ்சல், முடிந்த பிறகு உடைந்த மூச்சு எல்லாம் இருந்திருக்கும். டப்பிங்கில் 'லூப்' போட்டு ஒவ்வொரு வாக்கியமாக வெட்டி எடுக்கும்போது வாக்கியம் மட்டும் வருகிறது, இடைவெளி விட்டுப்போகிறது. உணர்ச்சிக் காட்சியை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பிசகிய இடத்தை மட்டும் பிறகு ஒட்டுங்கள். பைலட் ட்ராக்கை, அதாவது படப்பிடிப்பிலேயே பதிவான ஒலியை, ஹெட்ஃபோனில் ஒரு காதில் மட்டும் கொடுங்கள். இரண்டு காதிலும் கொடுத்தால் நடிகை தன்னையே நகல் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

உடம்பும் முக்கியம். காட்சியில் மண்டியிட்டு அழுதிருந்தால் மைக்கைத் தாழ்த்திவிட்டு மண்டியிடச் சொல்லுங்கள். வயிறு மடங்கியிருக்கும்போது வரும் குரல், நின்றுகொண்டு பேசும்போது வராது. குளோஸ்-அப் என்றால் வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரம். தூரக் காட்சி என்றால் இரண்டு மூன்று அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். எல்லாவற்றையும் ஒரு சாணிலேயே எடுத்தால் வயல் நடுவே கதறுகிறவர் காதுக்குள் கதறுவார்.

நாளின் முதல் வேலையாக லேசான காட்சிகளைப் பேச வைத்துவிட்டு, தொண்டை சூடானதும் அழுகைக் காட்சிக்குப் போங்கள். கத்தும் காட்சி எல்லாவற்றுக்கும் கடைசி. மூன்று நான்கு டேக்குக்கு மேல் அழ வைக்காதீர்கள். அதற்கு மேல் வருவது பழகிப்போன அழுகை. மிக்ஸிங்கில் இரைச்சல் நீக்கும் கருவியை அளவாகப் பயன்படுத்துங்கள். அது மூச்சையும் இரைச்சல் என்றே நினைக்கும்.

பைலட் ட்ராக்கில் வசனம் தெளிவாகவும் சுற்றுச் சத்தம் சமாளிக்கக்கூடியதாகவும் இருந்தால் டப்பிங்கே வேண்டாம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இரைச்சலோடு உள்ள உண்மையான அழுகை, சுத்தமான பொய் அழுகையைவிட மேல்.

கேள்வி: நகைச்சுவை வசனம்தான் மக்கள் வாயில் அதிகம் புழங்குகிறது. அப்படியென்றால் சோக வசனம் தோற்றுவிட்டதா?

புழங்குவதற்குச் சந்தர்ப்பம் வேண்டுமே. 'அந்த இன்னொண்ணுதாண்ணே இது' என்பதை வாரம் இரண்டு தடவை சொல்ல வாழ்க்கை வாய்ப்புத் தருகிறது. 'பாசமலர்' கிளைமாக்ஸில் வரும் 'கை வீசம்மா கை வீசு' என்பதைச் சொல்லும் சந்தர்ப்பம் யாருக்கும் வரவேண்டாம்.

கேள்வி: தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறேன். உருக்கமான இடத்தில் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகிறது.

இடப் பற்றாக்குறை முதல் காரணம். ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, ஒரு சப்டைட்டில் திரையில் ஏழு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பரவலான வரம்பு. நம் வசனம் அதில் அடங்காது, கால்வாசியாவது போகும். போவது எது என்று நீங்கள் தீர்மானியுங்கள்; கருவியிடம் விடாதீர்கள். பெயர் சொல்லி அழைப்பது, திரும்பச் சொல்வது, திரையிலேயே தெரிகிற பொருளைக் குறிப்பிடுவது, இவற்றை முதலில் வெட்டலாம்.

வெட்டக் கூடாதது மரியாதை மாற்றம். அதுவரை 'நீங்க' என்று பேசியவள் திடீரென்று 'நீ' என்றால், தமிழ் பார்வையாளருக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அப்படியானால் அந்த இடத்தில் வாக்கியத்தைக் குட்டையாக்குங்கள். அதுவரை போட்ட மரியாதைச் சொற்களை எடுத்துவிடுங்கள். அல்லது அங்கே மட்டும் பெயரைச் சொல்லுங்கள். அண்ணன், தம்பி, மச்சான், மாமா போன்றவற்றை ஆங்கில எழுத்தில் அப்படியே விடுவதா வேண்டாமா என்று படம் முழுவதற்கும் ஒரே முடிவு எடுங்கள். பாதிப் படத்தில் 'அண்ணா', பாதியில் 'சகோதரா' என்று வந்தால் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது காரணம் நேரம், இதைக் கவனிப்பவர் குறைவு. நடிகர் ஒரு வாக்கியம் சொல்லி, இடைவெளி விட்டு, அடுத்ததைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே சப்டைட்டிலில் போட்டுவிட்டால் படிப்பவர் நடிகருக்கு முன்னாலேயே அழுது முடித்துவிடுவார். இடைவெளிக்குப் பின் வரும் வரியைத் தனி சப்டைட்டிலாக வைத்து, உதடு திறக்கும் ஃபிரேமில் தொடங்குங்கள். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். அதனால் 'உங்க மகனை நாங்க... காப்பாத்த முடியலை' என்பதை நேராகப் பெயர்த்தால் செத்த செய்தி முதல் பாதியிலேயே உடைந்துவிடும். முதல் பாதிக்கு 'உங்கள் மகன்' என்ற அளவில் மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த சப்டைட்டிலுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: பழைய படங்களின் பிரபல வசனங்களைத் தொகுத்துப் புத்தகம் போடலாமா? உரிமை யாருக்கு?

விமர்சனம், ஆய்வு என்ற முறையில் சில வரிகளை மேற்கோள் காட்ட, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. வெறும் தொகுப்பாகப் போட்டு விற்பது அதில் வராது. படத்துக்கான காலம், வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வசனம் எழுத்துப் படைப்பும்கூட. எழுத்துக்கு ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். படத்துக்குக் காலம் முடிந்தது என்பதை வைத்து வசனத்தை அச்சிட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளரிடமும் எழுத்தாளரின் வாரிசிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்பதற்கும் இதே பதில்தான்.

கேள்வி: கடைசிக் காட்சியில் நாயகன் மனம் மாறிவிட்டான் என்பதை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். எவ்வளவு எழுதினாலும் உபதேசமாகவே வருகிறது.

முழுக்க மாற விடாதீர்கள். மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) கடைசிக் காட்சியைப் பாருங்கள். தங்கையை இஞ்சினியருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான் காளி. சம்மதித்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்த இஞ்சினியரிடமே சொல்கிறான். மன்னிப்பும் இல்லை, தத்துவமும் இல்லை. பிடிவாதம் அப்படியே இருக்கிறது, பாசம் மட்டும் அதைத் தாண்டிப் போய்விட்டது. அவன் 'நான் திருந்திட்டேன் சார்' என்று சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

'தேவர் மகன்' (1992) முடிவிலும் கிட்டத்தட்ட இதே வித்தை. பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாக முன்வரும் ஊர்க்காரர்களிடம் நாயகன் சொல்வது, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்ற புத்திமதிதான். எழுத்தில் வைத்தால் உபதேசம். ஆனால் சொல்கிறவன் அப்போதுதான் கொலை செய்திருக்கிறான், ஜெயிலுக்குப் போகப்போகிறான், கோபத்தில் 'போங்கடா' என்று விரட்டிக்கொண்டே சொல்கிறான். புத்தி சொல்லும் தகுதியை இழந்த கணத்தில் வருகிற புத்திமதி அது.

உங்கள் நாயகன் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு சின்னக் குணம் எது? சிடுசிடுப்போ, கணக்குப் பார்ப்பதோ, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாததோ, ஏதோ ஒன்று இருக்கும். அதைத் திருத்தாமல், அதன் வழியாகவே அவன் விட்டுக்கொடுக்கட்டும். கணக்குப் பார்க்கிறவன் என்றால் கடைசிக் காட்சியிலும் கணக்குப் பார்க்கட்டும், தப்பாகக் கூட்டட்டும்.